மௌனச்சாமி பேசிய வெள்ளிக்கிழமை

என் பிள்ளைகள் சாமுவேல், எஸ்தர், கிருபா மூவருக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது எஸ்தர் என்னை விட்டு நாலடி தள்ளியே நடந்து வந்தாள். காரணம் எனக்குத் தெரியும் எஸ்தரம்மா. நான் வேதபாடம் வாசித்தபோது பின்வரிசைப் பையன்கள், "தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குறாருடா" என்று சொல்லிச் சிரித்தார்கள். அது என் காதிலும் விழுந்தது. உன்மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. உன் வயதில் நானும் வெட்கப்பட்டிருப்பேன்.

இந்தக் குரல் எனக்கு எப்படி வந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. அப்போது சாமுவேல் சிறுவன். எஸ்தர் இடுப்புக் குழந்தை. கிருபா பிறக்கவே இல்லை. சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் எட்டாவதுக்கு மேல் படித்தவனில்லை. எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவது எல்லாம் ஆண்டவர் முன்பாக உண்மை.

அது ஐம்பத்தேழாம் வருஷம். நயா பைசா புதிதாய் வந்து, சந்தையில் எல்லாரும் அணாவையும் பைசாவையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த சமயம். நான் வடமதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தேன். ஊர்ப்பேரை எழுதவில்லை. அந்த ஜனங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கூலிவேலை செய்கிற சில குடும்பங்கள்தான் நம் சபை. ஓலை வேய்ந்த ஒரு ஜெபவீடு. அதை ஒட்டி நம் குடிசை.

என் குரல் அப்போது வேறு. வடமதுரைச் சந்தையில் மாட்டுத்தரகர் போடும் கூச்சலுக்கு மேலே ஏறி என் பாட்டுக் கேட்கும். மைக்செட் எல்லாம் பணக்காரக் கல்யாண வீட்டுக்குத்தான். எனக்கு அது தேவைப்பட்டதில்லை. வாலிபத்தில் ஆண்டவர் என்னைத் தம் ஊழியத்துக்கு அழைத்தார் என்று நான் நம்பியதே இந்தக் குரலை வைத்துத்தான். வேறு என்ன இருந்தது என்னிடம்? படிப்பில்லை, நிலமில்லை.

அந்த ஆனி மாதம் தொண்டை கட்டியது. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பார்த்தேன். விடவில்லை. நானும் பிரசங்கத்தை விடவில்லை. ஒரு சந்தை நாளில் பாடிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. துப்பினேன். இரத்தம்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளே புண்ணு இருக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னு கூடப் பேசக் கூடாது."

"பாடலாங்களா?" என்று கேட்டேன்.

"உபதேசியாரே, இப்ப நீங்க கேட்டதே தப்பு" என்றார்.

ஆறுவதற்கு முன் பேசினால் குரல் திரும்பி வராது என்று கண்டிப்பாகச் சொன்னார். கழுத்தில் மருந்துப் பஞ்சை வைத்துச் சுற்றிக் கட்டினார்கள். அதை அவிழ்க்காமல் சவரம் செய்ய முடியாது. தாடி வளர்ந்தது.

குரல் இல்லாத உபதேசியார் யாருக்கு வேண்டும்? பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்குள் அந்தக் கேள்வி புறப்பட்டுவிட்டது. ஆண்டவரே, இந்தக் குரலுக்காகத்தானே என்னைக் கூப்பிட்டீர்? கூப்பிட்டவரே எடுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? ஒருவேளை நீர் கூப்பிடவே இல்லையோ? நானாகத்தான் வந்து புகுந்துகொண்டேனோ? இப்படியெல்லாம் நினைத்தேன். வாய்விட்டு அழக்கூட எனக்கு அனுமதி இல்லை.

அந்த வருஷம் மழையும் பொய்த்தது. நம் ஜனங்களுடைய கிணறு வற்றிச் சேறாகிவிட்டது. பெண்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பினார்கள். நம் சபைகளில் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று தனியே போடுவார்கள் அல்லவா, அந்தப் பிடியரிசியில்தான் நம் வீட்டில் பாதிநாள் அடுப்பு எரிந்தது. அவர்கள் வீட்டிலேயே உலை கொதிக்காதபோது கைப்பிடி எங்கிருந்து வரும்?

உங்கள் மாமன் தேவசகாயம் பார்க்க வந்தான். அவன் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் மேஸ்திரி.

"மச்சான், எங்க ஷாப்புக்கே வந்துருங்க. அங்க பேசுறதுக்கு ஒரு வேலையுமில்லே. அந்த நாத்தத்துக்கு எவனும் வாயைத் தொறக்க மாட்டான்" என்றான்.

உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் போன பிறகு அந்தப் பேச்சு எனக்குள்ளேயே நின்றுகொண்டது. பிள்ளைகள் வயிறார உண்ணும். யாரும் என்னைக் குறைசொல்ல மாட்டார்கள். சிலேட்டில், "கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம்" என்று எழுதி உங்கள் அம்மாவிடம் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலியே?" என்று கேட்டாள்.

அது என்னைத் தட்டி எழுப்பியது. மறுநாள் காலையிலேயே வழக்கம்போல வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் முழங்கால் போட்டேன். வாய் திறக்காமல் மனதுக்குள் ஜெபித்தேன். எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம், இரண்டு வாரம், தினமும் அப்படியே செய்தேன்.

இதை மேலத்தெரு ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிலம் வைத்திருக்கிற குடியானவர்கள். நம் ஜனங்கள் அவர்களுடைய தோட்டங்களில்தான் வேலை செய்தார்கள். சந்தையே அதிரப் பாடிய ஒரு ஆள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான். தாடி விட்டிருக்கிறான். கழுத்தில் துணி சுற்றியிருக்கிறான். வெள்ளை உடுத்தி, காலையில் எழுந்து, வீடுவீடாகப் போய் மண்டியிட்டுக் கண்ணை மூடுகிறான். யாரைப் பார்த்தாலும் கும்பிடுகிறானே தவிர ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கு அது தோன்றவே இல்லை பிள்ளைகளே. நான் என் துக்கத்தில் இருந்தேன்.

மேலத்தெருவில் பெருமாள் என்று ஒரு பெரிய தோட்டக்காரர். கத்தரியும் மல்லிகையும் போட்டிருந்தார். அந்த வட்டாரத்தில் வற்றாத கிணறு அவருடையதுதான். வழியில் பார்த்தால், "என்னலே உபதேசி, உங்க சாமி மழைக்கு வழி சொல்லுச்சா?" என்று கேலி பண்ணுவார். ஒருநாள் காலை நான் அவர் தோட்டத்து ஓரமாக வரும்போது அவர் மனைவி வெள்ளையம்மாள் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள். பிள்ளை வீறிட்டு அழுதது. இரண்டு மூன்று நாளாக அதே அழுகையாம். அந்த அம்மாள் அலுப்பில், என்ன ஏது என்று யோசிக்காமல் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டாள். நானும் எஸ்தரைத் தூக்குகிற மாதிரி குப்புறப் போட்டு முதுகைத் தட்டினேன். ஒரு ஏப்பம் விட்டது. தூங்கிவிட்டது.

இவ்வளவுதான் நடந்தது.

மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் சேதி பரவிவிட்டது. அது மௌன விரதமாம். பழனிப் பக்கம் ஒரு சாமி இப்படித்தான் பேசாமலே இருந்து சித்தி அடைந்ததாம். மறுநாள் காலை நம் குடிசை வாசலில் தேங்காயும் வாழைப்பழமும் மல்லிகைச் சரமும். வெள்ளையம்மாள் பிள்ளையோடு வந்து, "சாமி, ஒருக்காத் தொட்டுக் குடுங்க சாமி" என்று நின்றாள்.

நான் பதறிப்போனேன். கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். உள்ளே ஓடிப்போய் சிலேட்டை எடுத்து, "நான் சாமி இல்லை. தொண்டையில் புண்" என்று பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சிலேட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுத்தின்மேல் விரலைத் தேய்த்தாள். விரலில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைப் பிள்ளையின் நெற்றியில் பட்டையாகப் பூசினாள்.

உங்கள் அம்மா முன்னால் வந்து, "ஆத்தா, அவருக்குத் தொண்டையில புண்ணு. ஆஸ்பத்திரியில பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. விரதமும் இல்லே, ஒண்ணும் இல்லே" என்றாள்.

"நீ அப்படித்தான் சொல்லுவ தாயி. பெரிய சாமியெல்லாம் தன்னைச் சாமின்னு சொல்லிக்கிடுமா?" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மாள் சந்தோஷமாகப் போனாள்.

அதற்குப் பிறகு கூட்டம் கூடியது. வெள்ளிக்கிழமை தோறும் வந்தார்கள். கம்பும் சோளமும் கொண்டுவந்து வைத்தார்கள். உங்கள் அம்மா அதையெல்லாம் ஒரு மூலையில் கூடையால் மூடி வைத்தாள். சாமிக்கென்று வைத்ததைத் தின்றால் நான் சாமி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நாங்கள் பசியோடு இருந்தோம். அந்தக் கூடையைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகவேண்டும். "இந்த வாழைப்பழம் அழுகுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எஸ்தர் அந்தப் பழத்தைக் காட்டிக் காட்டி அழுதாள். கடைசியில் பழத்தை மாட்டுக்கு வைத்தோம்.

இதோடு நின்றிருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் பெருமாள் நம் ஜனங்களைக் கூப்பிட்டு, "சாமி இருக்கிற தெருவு, தண்ணியில்லாமக் கெடக்கக் கூடாது. மாடு கட்டிக் கவலை எறைக்கிற நேரம் வந்து தொட்டியில மொண்டுக்கங்க. கெணத்துப் படியில மட்டும் கால் வைக்காதீக" என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாரும் கனவு கண்டதில்லை. நம் பெண்கள் நல்ல தண்ணீரைக் குடம்குடமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்களுக்கு அவர் தோட்டத்தில் வேலையும் கிடைத்தது. எல்லார் முகமும் மலர்ந்தது.

நம் சபையில் மரியா என்று வாய்த்துடுக்கான ஒரு அம்மாள். அவள் என்னிடம் வந்து சொன்னாள்:

"ஐயா, நீங்க ஒண்ணும் கலங்காதீக. நீங்க என்ன பொய்யா சொன்னீக? வாயே தொறக்கலியே! டாக்டரம்மா சொல்றதக் கேட்டுக்கிட்டு கிறிஸ்துமஸ் வரைக்கும் சும்மா இருங்க. அதுக்குள்ள மழை பேஞ்சிரும்."

அவள் சொன்னதில் தவறு எங்கே என்று என்னால் சட்டென்று காட்ட முடியவில்லை. நான் பொய் சொல்லவில்லைதான். என் மௌனம்தான் எனக்குப் பதிலாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பொய்யில் எங்கள் தெருவே தண்ணீர் குடித்தது.

திண்டுக்கல்லுக்குப் போய் டாக்டரம்மாவிடம் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். ஒரு நாலு வார்த்தை மட்டும் பேசலாமா என்று. அவர் மறுபடி கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "மேலாப்புல ஆறிக்கிட்டு வருது. இப்பப் பேசினா மொத்தமும் கிழிஞ்சிரும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோசனமில்லே" என்றார்.

இரண்டு காரியங்கள் என்னை நெருக்கின. ஒன்று, அடுத்த வெள்ளிக்கிழமை தம் தோட்டத்து மூலையில் வேப்பமரத்தடியில் எனக்கென்று பந்தல்கால் நட்டு, அங்கேயே உட்காரவைத்து, மடம் கட்டப் போவதாகப் பெருமாள் ஏற்பாடு செய்துவிட்டார். இன்னொன்று அதைவிடப் பெரிது. நம் சபையில் மூத்தவர், சந்தோஷம் என்று ஒரு பெரியவர். அந்த ஊரில் முதல்முதல் ஞானஸ்நானம் பெற்றவர். அதற்காக அடிவாங்கினவர். நான் காலையில் அவர் வீட்டில் முழங்கால் போட்டு எழுந்தபோது அவர் என் காலைத் தொட்டார். "சாமி, மழைக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார். எப்போதும் என்னை "அப்பு" என்று கூப்பிடுகிற மனிதர். அவரே என்னைச் சாமி என்றார்.

இவர்களை ஆண்டவரிடம் கொண்டுபோகத்தானே என்னை அனுப்பினார்கள்? நானே வழியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். பழைய நாளில் ஜனங்கள் அப்போஸ்தலரைத் தேவர்கள் என்று நினைத்து மாலை கொண்டுவந்தபோது அவர்கள் தங்கள் துணியைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள் என்று நானே எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன். அவர்களுக்குக் கத்துவதற்குக் குரல் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் காய்ந்துகிடந்த ஓடைக்குப் போனேன். மணல் கொதித்தது. ஒரு கருவேல மரத்தின் அரைநிழலில் முகங்குப்புற விழுந்தேன். உள்ளுக்குள்தான் பேசினேன். ஆண்டவரே, நான் இதுவரை என் குரலைத் திருப்பித் தாரும் என்று கேட்டேன். இப்போது அப்படிக் கேட்கவில்லை. நாளைக்கு ஒரே ஒரு பேச்சுக்கு மட்டும் கொடும். அது பேசி முடித்ததும் எடுத்துக்கொள்ளும். தண்ணீரை நிறுத்துவார்கள். என் ஜனங்கள் என்னைச் சபிப்பார்கள். அதையும் நீரே பார்த்துக்கொள்ளும். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

சமாதானம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பயம்தான் இருந்தது. ஆனால் எழுந்து வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிலேட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு, "பேசுங்க" என்றாள். "அப்புறம் நான் உங்களுக்கும் சேத்துப் பேசுறேன்."

வெள்ளிக்கிழமை காலை. வேப்பமரத்தடியில் கோலம் போட்டு, குத்துவிளக்கு வைத்து, தவிலும் நாயனமும் வந்திருந்தன. மேலத்தெரு முழுக்கக் கூடியிருந்தது. நம் ஜனங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எட்டி நின்றார்கள். சந்தோஷம் கைகூப்பிக்கொண்டு நின்றார். பெருமாள் புதுவேட்டியைத் தாம்பாளத்தில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். வெள்ளையம்மாள் பேரப்பிள்ளையை என் காலடியில் கிடத்தினாள். கற்பூரத்தை ஏற்றப் போனார்கள்.

நான் கையை உயர்த்தினேன். சத்தம் அடங்கியது. வாயைத் திறந்தேன்.

காற்றுத்தான் வந்தது.

ஆண்டவரே என்று உள்ளே கூப்பிட்டேன். மறுபடி திறந்தேன்.

"நான் சாமி இல்லை!"

அது என் குரல் இல்லை. பழந்துணியைக் கிழிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "நான் சாமி இல்லை. விரதமும் இல்லை. தொண்டையில் புண். நான் உங்களைப்போல ஒரு மனுஷன். இயேசுசாமிக்கு வேலைக்காரன். என்னைக் கும்பிடாதீர்கள்."

இவ்வளவும் சொல்லிமுடித்தேன். ஒரு வார்த்தைகூடக் கீழே விழவில்லை. சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ அறுந்தது. வாயெல்லாம் உப்புக்கரித்தது.

"ஐயையோ, விரதம் கலைஞ்சுபோச்சே!" என்று கூட்டத்தில் யாரோ அலறினார்கள்.

"விரதமே இல்லைங்கிறானப்பா" என்றார் பெருமாள். தாம்பாளத்தைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "தொண்டைப் புண்ணாடா? இம்புட்டு நாளும் தொண்டைப் புண்ணுக்காடா கும்பிட்டோம்?"

நாயனக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் பெருமாளைக் கொன்றது. வெள்ளையம்மாள் குனிந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் அதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் நம் பெண்கள் குடத்தோடு போனபோது தொட்டியைச் சுற்றி இலந்தைமுள்ளை வெட்டிப் போட்டிருந்தது. தோட்டவேலையும் நின்றது. எல்லாரும் பழையபடி ஓடை ஊற்றுக்குப் போனார்கள். அங்கேயும் இப்போது ஆழமாகத் தோண்டவேண்டியிருந்தது. மரியா வெறுங்குடத்தை நம் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இம்புட்டு நாளு வாயக் கட்டுனவுக, இன்னும் செத்த நாளு கட்டியிருந்தா என்ன கொறஞ்சுபோகும்? இந்தாங்க, உங்க உண்மையை இதுல புடிச்சுக் குடிங்க" என்றாள். நான் குடத்தை நிமிர்த்தி வைத்தேன். எனக்குக் குரலே இல்லை. சுத்தமாக இல்லை.

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துவிட்டுக் கையைக் கழுவினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இனி எது வருதோ அதுதான் உங்க குரல்" என்று மட்டும் சொன்னார். சபையின் குருவானவர் சைக்கிளில் வந்து பார்த்தார். நல்ல மனுஷர். வருத்தத்தோடு, "உபதேசியாரே, கிறிஸ்துமஸ் கழிச்சு இங்கே வேற ஆளைப் போடலாம்னு இருக்கோம். உங்களுக்கு டவுனில் ஏதாவது சின்ன வேலை பார்க்கிறேன்" என்றார். தோல்ஷாப்பும் இருந்தது.

பிள்ளைகளே, இதுதான் எனக்கு மிகவும் இருட்டான காலம். பேசுவதற்கு முன்பு பயம் இருந்தது. பேசிய பிறகு வெறுமைதான் இருந்தது. ஒரு பேச்சுக்குக் குரல் கேட்டேன், ஆண்டவர் கொடுத்தார். அதற்குமேல் கேட்க எனக்கு நாவில்லை. உண்மையைச் சொன்னால் உடனே வானம் திறக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் திறக்கவில்லை. பிள்ளைகள் சேற்றுத் தண்ணீரைக் குடித்து வயிற்றுவலியில் சுருண்டார்கள். அதை நான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் விடாமல் செய்தேன். காலையில் எழுந்து வீடுவீடாகப் போவதை விடவில்லை. உள்ளே வரவிடாத வீட்டில் வாசலில் முழங்கால் போட்டேன். மரியா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். நான் ஜெபித்துவிட்டு எழுந்து போவேன். சந்தோஷம் ஒருநாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அப்பு, நான் தப்பான காலைத் தொட்டுட்டேன்" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்குப் பழைய "அப்பு" திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

கார்த்திகை மாதம். ஒரு பிற்பகல். நான் ஜெபவீட்டில் தனியாக இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் பெருமாள். என்னைச் சாமி என்று கும்பிட வந்த நாட்களைத் தவிர, மேலத்தெரு ஆள் ஒருவர் நம் தெருவுக்குள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. உங்கள் அம்மா ஓடிவந்து ஒரு பாயை விரித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் தரையில் எட்டி உட்கார்ந்தேன்.

வெகுநேரம் தோளில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்குக் கோவம் ஆறல. இன்னும் ஆறல. ஊரு சிரிக்குது. ஆனா ஒண்ணு மனசுலயே கெடந்து அரிக்குது. எத்தனையோ பய சாமின்னு சொல்லி எங்க வீட்டுல தின்னுட்டுப் போயிருக்கான். குடுத்ததை வேண்டாம்னவன் ஒருத்தனையும் நான் கண்டதில்லே. மடம் கட்டித் தாரேன்னேன். உன் பிள்ளைக காஞ்சு கெடக்குதுக. பேசுனா தொண்டை போயிரும்னு உன் பொஞ்சாதி சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறம் ஏன்யா பேசுன?"

நான் வாயைத் திறந்தேன். அதுவரை எழும்பாத குரல் அன்றைக்குக் கொஞ்சம் எழும்பியது. இந்தக் குரல்தான், தகர டப்பாக் குரல். அதுவும் மிக மெல்லியதாக.

"கேக்கல" என்றார். கொஞ்சம் நகர்ந்து வந்தார்.

மறுபடி சொன்னேன்.

"இன்னும் கேக்கல. இங்கிட்டு வா." நான் தயங்கினேன். "வா தம்பி, பாயில உக்காரு. ஊருக்கே கேட்ட தொண்டை இப்ப எனக்குக் கேக்கலைன்னா எப்படி?" என்றார்.

பாயில் உட்கார்ந்தேன். அவர் காதை என் வாய்ப்பக்கம் கொடுத்தார். அவர் தோள்துண்டு என் தாடியில் பட்டது. நான் ஆண்டவரைப் பற்றிச் சொன்னேன். அதிகம் இல்லை. அவர் எல்லாருக்கும் மேலானவராக இருந்தும் மனுஷனாக வந்தார், தம் சீஷர்களுடைய காலைக் கழுவினார், அவருடைய இடத்தில் போய் நான் உட்கார முடியாது என்று சொன்னேன். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, "நாளைக்குப் பொம்பளைகளைக் குடத்தைத் தூக்கிட்டு வரச்சொல்லு. சாமிக்காக இல்லே. தாகத்துக்கு" என்றார்.

மறுநாள் முள்ளை அகற்றியிருந்தார்கள்.

பெருமாள் ஞானஸ்நானம் வாங்கவில்லை. கடைசிவரை தன் கோயிலுக்குத்தான் போனார். ஆனால் அடிக்கடி வந்து உட்காருவார். இரண்டொருவரை அழைத்தும் வருவார். இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். எனக்கு நல்ல குரல் இருந்த நாளில் மேலத்தெருக்காரர்கள் தங்கள் களத்துவரப்பில் உட்கார்ந்தபடியே என் பாட்டைக் கேட்டார்கள். எழுந்து வரவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. இப்போது கேட்கவேண்டுமானால் கிட்டே வந்தாக வேண்டும். நம் ஜனங்களும் அவர்களும் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். யாராவது இருமினால் மரியாதான் அதட்டி அடக்குவாள். பாட்டையும் அவளே எடுத்துக் கொடுப்பாள். கிறிஸ்துமஸ் கழிந்து குருவானவர் வந்தபோது, "வேற ஆளு எங்களுக்கு வேண்டாம்" என்று அவரிடம் முதலில் சொன்னதும் அவள்தான். என்னைவிட்டு ஊழியம் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

நான் கேட்ட குரலை ஆண்டவர் தரவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டது குரலுக்காக இல்லை என்று காட்டினார். அவருக்கு ஸ்தோத்திரம். சாமுவேல், ஆசிரியப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதை உன் அம்மா சொன்னாள். விட்டாலும் சரி, தொடர்ந்தாலும் சரி, ஆண்டவரிடம் கேட்டுச் செய். கையில் ஒன்றுமில்லாமல் போகிற நாள் உங்கள் மூவருக்குமே வரும். அன்றைக்கு, அவர் கூப்பிட்டது பொய் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்குப் போதுமானதைக் கேளுங்கள். கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். இந்தக் கடிதம் சபையார் கைக்குப் போனால் அவர்களும் அவரை நம்பிப் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் பெருமாள் போன பிறகு அவள் அடுப்பு மூட்டப் போய்விட்டாள். ஜெபவீட்டில் நான் மட்டும் இருந்தேன். பாயை எடுத்து உதறிவைக்கலாம் என்று தூக்கினேன். அதில் அவர் காலில் ஒட்டிவந்த தோட்டத்துச் செம்மண்ணும் என் காலின் ஓடைமணலும் கலந்து கிடந்தன. உதற எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணலும் சிந்தாமல் மெதுவாகச் சுருட்டி, சுவரோரம் சாய்த்து வைத்தேன்.